சிறாரும் பொறியும்

கல்வி காலத்தோடு ஒட்டி நடத்தல் வேண்டும் என்பது எல்லார்க்கும் ஒப்ப முடிந்த உண்மை. ஆயினும், காலம் கொண்டுவந்து குவிக்கும் புதுப்பொருள்களை விலைகொடுத்து வாங்கிப் பள்ளி அறைகளில் அடுக்கிவைத்த மாத்திரத்தால் அவ்வொட்டு உண்டாகிவிடாது. அப்பொருள்களைக் கையாளுங்கால் மாணவர் உள்ளம் எவ்வாறு வளர்கின்றது என்று ஆராய்ந்து, அவ்வளர்ச்சிக்கு ஏற்ப அவற்றைப் பயன்படுத்துவோரே காலத்தோடு ஒட்டிக் கற்பிப்போர் ஆவர். இவ்வேறுபாடு தெளிவாக விளங்கும் இடம் ஒன்று இன்று நம் கண்முன் உண்டு. அஃது, நடுநிலைப்பள்ளிச் சிறார்க்கு ரோபோ எனப்படும் தானியங்கிப் பொறிகளையும், பொறியியல் வடிவமைப்பையும் கற்பிக்கும் முயற்சியாகும். அதனைப்பற்றி எமக்குத் தோன்றிய சிலவற்றை இம்மலரைப் படிக்கும் அன்பர்முன் வைக்கத் துணிகின்றோம்.

தமிழ் இலக்கியம் பயில்வார்க்குத் திருகாணியோடும் பல்சக்கரத்தோடும் என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். உறவு உண்டென்பதைக் கட்டுரை முடிவதற்குள் காட்டுவோம்.

முதற்கண், இம்முயற்சி நம் நாட்டில் எவ்வளவு பரந்திருக்கின்றது என்பதைக் காண்போம். மத்திய அரசாங்கத்தின் நிதி ஆயோக் 2016-ம் ஆண்டில் அடல் புத்தாக்க இயக்கத்தைத் தொடங்கி, ஆறாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலுள்ள மாணவர் தம் கையாற் செய்து பழகுதற்குரிய கூடங்களைப் பள்ளிகளில் நிறுவி வந்திருக்கின்றது. ஒவ்வொரு கூடத்துக்கும் 20 லட்ச ரூபாய் வரையில் உதவித்தொகை ஏற்பட்டது. இத்தகைய கூடங்கள் நாடெங்கும் 10,000 அமைந்தன. ஐந்தாண்டுகளில் அரசாங்கப் பள்ளிகளில் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என்று 2025-ம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில், 2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பெற்ற வானவில் மன்றம், 13,000-க்கும் மேற்பட்ட அரசாங்கப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பினரிடம் அறிவியற் சோதனைகளைக் கொண்டு செல்லும் நோக்கத்தோடு எழுந்தது. அண்டை மாநிலமாகிய கேரளத்தில், 2025-ம் ஆண்டு ஜூன் முதற் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவர்க்கும் ரோபோக் கல்வி பாடத்திட்டத்திற் சேர்க்கப்பட்டது. ஆகவே, கற்பிக்கலாமா, வேண்டாவா என்னும் வினாவுக்குக் காலம் கடந்துவிட்டது. எவ்வாறு கற்பிப்பது என்பதே எஞ்சி நிற்கும் வினா.

அவ்வினாவுக்கு எமது விடை இது: பொறியொன்றைக் கட்டி முடித்த அளவில் அக்கல்வி நிறைவுறுவதில்லை. முதலிற் செய்தது ஏன் பிழைத்தது என்பதைச் சிறார் தாமே கண்டு, அதனைத் தம் மொழியில் எழுதி, மறுமுறை திருத்திச் செய்யும்போதுதான் அது தொடங்குகின்றது. அந்த மறுமுறைக்கு இடங்கொடாத பள்ளி, எத்தனை லட்சம் செலவிட்டிருப்பினும், பொறியியலைக் கற்பித்ததாகாது.

இனி, ரோபோ என்ற சொல்லின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். செக் மொழி நாடகாசிரியராகிய காரெல் சாப்பெக் என்பார் 1920-ம் ஆண்டில் வெளியிட்ட நாடகம் ஒன்றில் இச்சொல் முதன்முதல் வழங்கிற்று. அதனை அவர்க்கு எடுத்துக்கொடுத்தவர் அவர் தமையனார் யோசெப். அம்மொழியில் 'ரோபோட்டா' என்பது, குடியானவர் தம் நிலக்கிழார்க்குச் செய்யக் கடமைப்பட்டிருந்த கட்டாய ஊழியத்தைக் குறிக்கும். நம் முன்னோர் வழங்கிய 'பொறி' என்னும் சொல்லோ யந்திரத்தையும் குறிக்கும். கண், செவி முதலிய புலன்வாயில்களையும் குறிக்கும். சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிலும் பொறி. நம் உடம்பில் அமைந்த ஐந்தும் பொறி. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியிருத்தல் இக்காலத்து ரோபோவுக்கு மிகவும் பொருந்துகின்றது. என்னை? வெறும் யந்திரத்துக்கும் ரோபோவுக்கும் உள்ள வேறுபாடு புலனுணர்வே. மின்விசிறி சுழல்கின்றது, அறையில் ஆள் இருப்பதையோ இல்லாததையோ அஃது அறியாது. ரோபோவுக்கு மூன்று உறுப்புக்கள் வேண்டும். புறத்தே நிகழ்வதை உணர்வது ஒன்று. உணர்ந்ததற்கேற்ப இன்னது செய்க என்று முடிவு செய்வது ஒன்று. அம்முடிவின்படி இயங்குவது ஒன்று. சென்ஸர் என்னும் உணர்கருவி கண்ணும் செவியும் ஆகின்றது. சிறு மின்னணுப் பலகையில் ஏற்றிய கட்டளைத்தொடர் அறிவாகின்றது. மோட்டார் கையும் காலும் ஆகின்றது.

இம்மூன்றையும் இணைக்கப் புகுவோர், பாடப்புத்தகங்களில் தனித்தனியே கிடந்த பலவற்றை ஓரிடத்தில் சந்திக்கின்றனர். தடையொன்று எவ்வளவு தூரத்தில் உள்ளதென்று அறியும் உணர்கருவி, நம் செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி மீளும் நேரத்தை அளக்கின்றது. ஒலி காற்றில் ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்லும். ஒரு மீட்டர் தூரத்திலுள்ள சுவரிற் பட்டு மீள, ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஆறு பங்கு நேரமே ஆகும். அவ்வொலி போகவும் வரவும் சென்ற தூரத்தைப் பாதியாக்கினாலன்றிச் சுவரின் தூரம் கிடையாது என்பதை ஒரு சிறுமி தானே உணர்ந்து சொல்லும்போது, வகுத்தல் என்பது அவளுக்குப் பொருளுடைய செயலாகிவிடுகின்றது. எட்டுப் பற்களையுடைய சக்கரம் நாற்பது பற்களையுடைய சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறையும். திருப்பும் வலிமை ஏறத்தாழ ஐந்து மடங்காகும். விகிதம் என்ற பாடத்துக்கு இதனினும் நல்ல உரை எது?

மற்றொன்றும் கூறுவோம். 5.6 சென்டிமீட்டர் குறுக்களவுடைய சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 17.6 சென்டிமீட்டர் உருளும். ஒரு மீட்டர் செல்ல 5.7 சுற்று வேண்டும் என்று கணக்கிட்டு வண்டியை விடுகின்றார்கள். வண்டியோ கோட்டுக்கு இரண்டு விரற்கடை முன்னரே நின்றுவிடுகின்றது. கணக்குத் தவறா? சக்கரம் வழுக்கிற்றா? தரையிற் புழுதி இருந்ததா? மூன்று முறை ஓட்டிப் பார்த்து, மூன்றளவையும் எழுதி, அவற்றின் சராசரியைக் காணவேண்டியிருக்கின்றது. ஏட்டுக்கணக்குக்கும் உலகத்துக்கும் இடையே சிறிது இடைவெளி உண்டென்பதையும், அவ்விடைவெளியை அளந்து சரிசெய்யலாம் என்பதையும் பன்னிரண்டு வயதில் அறிந்தவர், பிற்காலத்தில் எத்தொழிலை மேற்கொண்டாலும் அவ்வறிவு அவர்க்குத் துணைநிற்கும்.

இதற்கு நடுநிலைப்பள்ளிப் பருவமே ஏற்றது என்பது எமது துணிபு. பதினொன்று முதற் பதினான்கு வயது வரையில் உள்ளோர், கைக்கு எட்டியதைக் கொண்டு கண்ணுக்கு எட்டாததை நினைக்கத் தொடங்குகின்றனர். 'ஏன்' என்று கேட்க இன்னும் அவர்கள் வெட்கப்படுவதில்லை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையில் அரசாங்கப் பொதுத்தேர்வின் அச்சமும் இல்லை. அதன் பின்னர்ப் பத்தாம் வகுப்பின் மதிப்பெண்ணே வீட்டாரின் பேச்சு. பன்னிரண்டாம் வகுப்பின் மதிப்பெண்ணே ஊராரின் பேச்சு. பிழைசெய்து கற்கும் உரிமை இன்னும் பறிபோகாத மூன்றாண்டுகள் இவையே.

சிறார் யந்திரத்தைக் கொண்டு கற்கலாம் என்று முதலில் வற்புறுத்தியவர்களுள் தலைசிறந்தவர் சீமோர் பாப்பெர்ட். தென்னாப்பிரிக்காவிற் பிறந்த இவ்வறிஞர், குழந்தைகளின் அறிவு வளரும் முறையை ஆராய்ந்த பியாஷே என்பாரோடு ஜெனீவா நகரிற் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் அமெரிக்கா சென்று, 1967-ம் ஆண்டில் வாலி பெயர்ஸெய்க், சிந்தியா சாலமன் முதலியோருடன் கூடி, 'லோகோ' என்னும் கணினிமொழியை உருவாக்கினார். தரையில் ஊர்ந்து கோடு வரையும் ஆமை போன்ற பொறி ஒன்றைச் சிறார் அம்மொழியால் ஏவினர். சதுரம் வரையவேண்டுமாயின், முன்னே செல், வலப்புறம் திரும்பு என்று ஆமைக்கு நாம் சொல்லிக்கொடுக்கவேண்டும். யந்திரம் பிள்ளைக்குக் கற்பிப்பது போய், பிள்ளை யந்திரத்துக்குக் கற்பிக்கும் நிலை அங்கே உண்டாயிற்று. கட்டளை தவறி ஆமை கோணலாகச் சென்றால், அதற்காகத் தலைகுனிய வேண்டுவதில்லை. எங்கே தவறிற்று என்று தேடினாற் போதும். அவர் 1980-ம் ஆண்டில் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் நூலின் பெயரையே, டென்மார்க்கு நாட்டு லெகோ கம்பெனியார் 1998-ம் ஆண்டில் தம் ரோபோக் கருவிப்பெட்டிக்கு இட்டனர். அப்பெட்டி உலகெங்கும் புகழ்பெற்று, 2022-ம் ஆண்டின் முடிவோடு நிறுத்தப்பட்டது. பெட்டிகள் வரும், போகும். ஆமையைக் கோணலிலிருந்து மீட்கும் முறை என்றும் நிற்கும். கருவிகளை வாங்குவோர் இதனை நெஞ்சில் வைத்தல் நலம்.

இனி, நம் பள்ளிகளிற் பெரும்பாலும் நிகழக்கூடியது யாது? விலையுயர்ந்த பெட்டி வருகின்றது. அதனோடு படம் போட்ட குறிப்புத்தாளும் வருகின்றது. முதற்படம், இரண்டாம்படம் என்று வரிசையாகப் பார்த்துத் துண்டுகளைப் பொருத்தினால் வண்டி ஒன்று உருவாகும். கட்டளைத்தொடரும் முன்னரே எழுதப்பட்டிருக்கும். அதனைப் பலகையில் ஏற்றினாற் போதும். கறுப்புக்கோட்டின்மீது வண்டி ஓடும், எல்லாரும் கைதட்டுவர், நிழற்படம் எடுக்கப்படும். பின்னர்த் துண்டுகளை எண்ணிப் பெட்டியில் இட்டு, அலமாரியைப் பூட்டிவிடுவர். ஒரு துண்டு குறைந்தாலும் தணிக்கையில் விடைசொல்ல வேண்டியவர் ஆசிரியரே. ஆதலின் அவர் பூட்டுவதில் வியப்பில்லை. அவர்மேற் குறைகூறுதலும் அறமன்று. ஆயினும் இதில் மாணவர் கற்றது யாது? படத்தைப் பார்த்துப் பொருத்தக் கற்றனர். ஏவியதைச் செய்தனர். சாப்பெக் தம் நாடகத்திற் குறித்த கட்டாய ஊழியம், யந்திரத்தை விட்டு மாணவரிடத்தே வந்து சேர்ந்துவிடுகின்றது!

பொறியியல் வடிவமைப்பு என்பது வேறு. யாருக்கு என்ன தேவை என்று வினவுதல், அத்தேவைக்குப் பல வழிகளை எண்ணுதல், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து செய்தல், செய்ததைச் சோதித்தல், சோதனையிற் கண்ட குறையை நீக்கி மீண்டும் செய்தல் என அஃது ஐந்து படிகளையுடையது. இவற்றுள் நடுப்படி ஒன்றையே பெட்டி கற்பிக்கின்றது. முன்னிரண்டையும் பின்னிரண்டையும் ஆசிரியரே கற்பித்தல் வேண்டும்.

இதற்குச் சான்றாக யாம் கண்ட ஒன்றைக் கூறுவோம். எமது கல்லூரிக்கு அணித்தாயுள்ள நடுநிலைப்பள்ளி ஒன்றுக்கு எம் வகுப்பினர் சிலர் சென்ற ஆண்டிற் சனிக்கிழமைதோறும் சென்றுவந்தோம். கருவிப்பெட்டியோடு வந்த குறிப்புக்கள் ஆங்கிலத்தில் இருந்தமையால், அவற்றைத் தமிழிற் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று அப்பள்ளியின் அறிவியலாசிரியர் கேட்டதே காரணம். முதல் நான்கு வாரத்தில் ஐந்து குழுவினரும் ஐந்து வண்டிகளைக் கட்டினர், ஐந்தும் ஒன்றுபோலவே இருந்தன, ஐந்தும் ஓடின. கறுப்புக்கோட்டுக்கு மாறாகக் கறுந்தரையில் வெள்ளைக்கோடு இட்டால் வண்டி என்ன செய்யும் என்று கேட்டோம். ஒருவரும் விடை கூறவில்லை.

அதன்பின் ஆசிரியர், பெட்டியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பள்ளியைச் சுற்றி வந்து, இங்கே யாருக்கு என்ன இடர்ப்பாடு என்று கண்டு வருமாறு ஏவினார். ஏழாம் வகுப்பிற் பயிலும் நால்வர், மாடியிலுள்ள தண்ணீர்த்தொட்டி நாள்தோறும் நிரம்பி வழிவதைக் கண்டனர். இரண்டு செப்புக்கம்பிகளைத் தொட்டியின் வாய்க்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டு, நீர் ஏறி அவற்றைத் தொட்டவுடன் மின்னோட்டம் பாய்ந்து ஒலிக்குமாறு பேட்டரியோடு கூடிய சிறு மணி ஒன்றைத் தொட்டியருகே அமைத்தனர். மணி ஒலித்தது. பெருமிதத்தோடு பள்ளி ஆயாவை அழைத்துக் காட்டினர். அவ்வம்மையார் பார்த்துவிட்டு, "மாடியிலே இது கத்தினால், கீழே பெருக்கிக்கொண்டிருக்கிற எனக்கு எப்படிக் கண்ணு கேட்கும்? மோட்டார் சுவிட்சு கீழேதானே இருக்கிறது?" என்றார். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தனர். அடுத்த வாரம் நீண்ட கம்பியிழுத்து மணியைச் சுவிட்சின் அருகே கொணர்ந்தனர்.

மூன்று வாரம் சென்றது. நீர் நிரம்பியும் மணி வாய்திறவாதாயிற்று. கம்பிகளை எடுத்துப் பார்த்தால் அவற்றிற் பச்சைநிறக் களிம்பு ஏறியிருந்தது. நீரினூடே மின்னோட்டம் செல்லுங்காற் செம்பு அரிக்கப்படும் என்பதை ஆசிரியர் அன்றுதான் விளக்கினார். கேட்க ஆவலுடையோர்க்கு அன்று விளக்கியது மறக்குமா? மூன்றாம் முறை, மின்கம்பி நீரைத் தொடவே வேண்டா என்று முடிவு செய்தனர். மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் புட்டி ஒன்று நீரோடு மிதந்து எழுந்து, மேலேயுள்ள சுவிட்சை அழுத்துமாறு செய்தனர். புட்டி தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டது. நான்காம் முறை, துளைகளிட்ட குழாய் ஒன்றினுள்ளே புட்டி நேராக ஏறி இறங்குமாறு அமைத்தனர். அதன்பின் யாம் சென்ற சனிக்கிழமைகளில் எல்லாம் அது பழுதின்றி ஒலித்தது. அக்குழுவைச் சேர்ந்த சிறுமி ஒருத்தியின் குறிப்பேட்டில் நான்கு படங்களும், அவற்றின்கீழ் நான்கு காரணங்களும் இருந்தன. ஆயாவை முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும் என்பது முதற்படத்தின் கீழ் அவள் எழுதிவைத்திருந்த குறிப்பு. ஓடிய ஐந்து வண்டிகளும் கற்பியாததை ஓடாத ஒரு மணி கற்பித்துவிட்டது.

சிறார் செய்த இதனையே நாட்டின் தலைசிறந்த பொறியியலாரும் செய்கின்றனர். 2019-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி, சந்திரயான்-2 கலத்தின் இறங்குபொறியாகிய விக்ரம் சந்திரனில் மெல்ல இறங்க இயலாது வீழ்ந்தழிந்தது. அதன்பின் நம் விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தார் செய்தது யாது? எது எது பழுதுபடக்கூடும் என்று ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றுக்கு மாற்று அமைத்தனர். இறங்கும் இடமாக முன்னர்க் குறித்திருந்தது 500 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் உள்ள சிறுபரப்பு. அதனை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் ஆக விரித்தனர். ஒரு செகண்டுக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்குமாறு கால்களை வலியுறுத்தினர். எரிபொருளை மிகுத்தனர். ஐந்தாக இருந்த எஞ்சின்களை நான்காக்கினர். வேகத்தை நேரே அளக்கும் உணர்கருவி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தனர். சந்திரனின் மண்ணுக்கு ஒப்பாகச் சோதனை செய்தற்கு, நம் நாமக்கல் வட்டாரத்துச் சித்தம்பூண்டி முதலிய ஊர்களின் பாறையை முன்னரே பொடியாக்கிப் பயன்படுத்தியிருந்தனர். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 இனிது இறங்கிற்று. அதினின்று இறங்கி உருண்ட, 26 கிலோ எடையும் ஆறு சக்கரங்களும் உடைய பிரக்யான் ஒரு ரோபோவே. அத்திட்டத்தின் இயக்குநராகிய வீரமுத்துவேல் விழுப்புரத்தில் வளர்ந்து, பாலிடெக்னிக்கிற் பயின்று உயர்ந்தவர் என்பது தமிழ்நாட்டுச் சிறார் அறியத்தக்கது. வெற்றி நாளின் ஆரவாரத்தை மட்டும் அவர்கட்குக் காட்டி, இடைப்பட்ட நான்காண்டுத் திருத்தத்தைக் காட்டாது விடுதல் பாதிப்பாடமே ஆகும்.

இனி மொழியைப் பற்றிக் கூறுவோம். இங்கேதான் தமிழ் மாணவர்க்கு உரிய கடமை தொடங்குகின்றது. காரணத்தை ஆராய்வது மொழியினாலன்றி முடியாது. 'இது நடந்தது, ஆதலால் இப்படி மாற்றினோம், மாற்றியபின் இஃது ஆயிற்று' என்று கோவைப்படச் சொல்ல ஒரு பிள்ளைக்குத் தன் வீட்டு மொழி வேண்டும். குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையிலும், கூடுமாயின் எட்டாம் வகுப்பு வரையிலும் அதற்கு மேலும், தாய்மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் நன்று என 2020-ம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகின்றது. அக்கொள்கையின் பிற பகுதிகளில் மாறுபாடு கொண்டோரும் இதனை மறுப்பதரிது. ரோபோக் கல்விக்கு வேண்டும் தமிழ்நூல்களும் குறிப்புக்களும் இன்னும் பெருக வேண்டும். மோட்டார், பேட்டரி, சுவிட்சு என மக்கள் நாவிற் பயின்றுவிட்ட சொற்களை விலக்க வேண்டுவதில்லை; அவற்றை விலக்கி, ஒருவர்க்கும் விளங்காத சொற்களைப் புனைதல் சிறார்க்குத் தீங்கேயாகும். மிதவை, பல்சக்கரம், திருகாணி, அச்சு, நெம்புகோல் என நம்மிடம் உள்ளனவற்றை மறந்து ஆங்கிலத்தைத் தேடுதலும் வேண்டா. தச்சரும், கொல்லரும், சைக்கிள் பழுதுபார்ப்போரும் நாள்தோறும் வழங்கும் சொற்களைத் தொகுத்தாலே ஒரு நல்ல அகராதி உருவாகும். அதனைச் செய்தற்கு உரியோர் நம்மையன்றி வேறு யாவர்?

எம் கருத்துக்கு எழக்கூடிய தடைகளையும் எண்ணிப் பார்த்தல் முறை. "எழுத்தும் எண்ணும் செவ்வனே வாராத பிள்ளைகட்கு ரோபோ எதற்கு?" என்பர் ஒருசாரார். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. 2024-ம் ஆண்டின் அசர் ஆய்வறிக்கையின்படி, இந்தியக் கிராமங்களில் எட்டாம் வகுப்பிற் பயில்வோருள் வகுத்தற்கணக்கைச் செய்யவல்லார் பாதிக்கும் குறைவினர். படத்தைப் பார்த்துத் துண்டுகளைப் பொருத்தும் வகுப்பினால் இக்குறை நீங்காது. அத்தகைய வகுப்பை யாமும் வேண்டா என்போம். சக்கரத்தின் சுற்றை அளந்து வகுக்கவும், கண்டதை நான்கு வரியில் எழுதவும் செய்யும் வகுப்போ, எண்ணையும் எழுத்தையும் வேறொரு வாயிலாகப் பயிற்றுவதே ஆகும்.

"இது செல்வர் வீட்டுப் பிள்ளைகட்கே ஏற்றது" என்பர் மற்றொரு சாரார். கம்பெனிப் பெட்டியின் விலையை நோக்கின் அவ்வாறு தோன்றும். இங்கிலாந்தில் 2016-ம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனத்தார், பதினொன்று, பன்னிரண்டு வயதுடைய மாணவர்கட்கு மைக்ரோபிட் என்னும் சிறுபலகையை இலவசமாகவே வழங்க முன்வந்தனர். ஏறக்குறைய பத்து லட்சம் பலகைகள் வழங்கப்பெற்றன. இன்று சில நூறு ரூபாய்க்கே இத்தகைய பலகைகள் கிடைக்கின்றன. அட்டை, மூங்கிற்குச்சி, வெற்றுப் புட்டி, ஊசிபோடும் குழல், பழைய விளையாட்டுப் பொருளிலிருந்து கழற்றிய மோட்டார் ஆகியவற்றைக் கொண்டு தொடங்குவோர்க்குச் செலவு மிகக் குறைவு. பொருள் மலிவாயிருந்தால் அது கெட்டுப்போகும் என்ற அச்சமும் குறையும். அச்சம் குறைந்தால் அலமாரியின் பூட்டும் திறக்கும்.

யாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஒரு பெட்டியைச் சூழ ஆறு பேர் அமர்ந்தால், திருப்புளி ஒருவர் கையிலேயே நின்றுவிடும்; மற்றையோர் பார்த்துக்கொண்டிருப்பர். அவ்வொருவன் பெரும்பாலும் குரல் உரத்த சிறுவன். பார்த்திருப்போர் பெரும்பாலும் சிறுமியரும், வாய்பேசா எளிய பிள்ளைகளும். குறிப்பெழுதும் வேலை சிறுமிக்கு, கட்டும் வேலை சிறுவனுக்கு என்ற பிரிவினை ஒருவரும் வகுக்காமலேயே உண்டாகிவிடுகின்றது. போட்டியும் பரிசுமே நோக்கமானால் இது மேலும் பெருகும். வல்லவனையே முன்னிறுத்திப் பள்ளி வெற்றி தேடும். கருவி பழகாத பிள்ளைக்கே கருவி முதலிற் சேரவேண்டும் என்பது கல்வியின் நீதி.

ஆதலின் யாம் வேண்டுவன இவை. வாரம் ஒருமுறை இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து இக்கல்விக்கு ஒதுக்குக. ஒரு குழுவில் மூவர்க்கு மேல் வேண்டா. கட்டுவோர், எழுதுவோர், அளப்போர் என்ற பணிகள் வாரந்தோறும் முறைமாறுக. ஆண்டுக்கு ஒரு வேலையேனும் தம் பள்ளியிலோ தெருவிலோ உள்ள ஒருவரது உண்மையான தேவையிலிருந்து பிறக்குக. மதிப்பெண் ஓடிய பொறிக்கு அன்றிக் குறிப்பேட்டுக்கும் இரண்டாம் முயற்சிக்கும் உரியதாகுக. உடைந்த துண்டுக்கும் தேய்ந்த மோட்டாருக்கும் ஆசிரியரைப் பொறுப்பாளியாக்காது, அவற்றைக் கல்விச் செலவாகவே கணக்கில் எழுதுக. சிறார் ஒருவரும் தொடாமையாற் புதிதாகவே இருக்கும் பெட்டி ஒரு பள்ளிக்குப் பெருமையன்று.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. ஆசிரியர்க்குத் துணை வேண்டும். அத்துணை நம் கல்லூரியில் உண்டு. பௌதிகம் பயில்வோர் மின்னோட்டத்தை விளக்குக. கணிதம் பயில்வோர் அளவைக்கு உதவுக. தமிழ் பயில்வோர் குறிப்பைத் திருத்துக, சொல்லைத் தொகுக்க. பழைய மாணவருள் தொழிற்சாலைகளிற் பணிபுரிவோர், தாம் செய்து பிழைத்ததையும் பின்னர்த் திருத்தியதையும் ஒருநாள் வந்து சிறார்க்குச் சொல்லுக. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணி நேரம் ஈவார் இருபதின்மர் முன்வரின், நம்மைச் சூழ்ந்த பள்ளிகளின் அலமாரிகள் திறக்கும்.

யந்திரங்கள் இனிப் பெருகுமேயன்றிக் குறையா. அவற்றின் ஏவலைக் கேட்டு நடப்போராக நம் சிறார் வளர்வரோ, அவற்றின் பிழையைக் கண்டு திருத்துவோராக வளர்வரோ என்பது, பதினோரு வயதில் அவர் கையில் நாம் எதனைக் கொடுக்கின்றோம், கொடுத்தபின் எத்துணைப் பொறுமையோடு காத்திருக்கின்றோம் என்பவற்றைப் பொறுத்தது. படம் போட்ட தாளைச் சற்றே மடித்துவைத்து, "இது ஏன் ஓடவில்லை?" என்று அவர்களைக் கேட்போமாக, விடை வரும்வரையில் நாம் வாய்திறவாதிருப்போமாக.